குடிலுக்குள் ஒரு போகம்

பூதலூர்
3.11.1997

சேசு மரி சூசை துணை. மழைக்காலமாதலால் குடையும் துணை.

சிங்கப்பூர் மாநகரில் பதினோராம் மாடியில், மேகங்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் என் அக்காள் மகள் பிலோமினாவுக்கு, காவிரியின் தென்கரையில் கண்ணுக்கெட்டிய மட்டும் சேற்றை ஆண்டுவரும் தாய்மாமன் ராயப்பன் எழுதிக்கொள்வது.

நேற்றுக் கல்லறைத் திருநாள். உன் அப்பா கல்லறைக்கு உன் அம்மா சுண்ணாம்பு அடித்தாள், நான் சாமந்தி மாலை போட்டேன். அரை மணியில் வந்த மழை சுண்ணாம்பை வாய்க்காலுக்கும் மாலையை ஆற்றுக்கும் அனுப்பிவிட்டது. மெழுகுவர்த்தி மட்டும் என் குடைக்கடியில் சமர்த்தாக எரிந்தது. ஆனால் கல்லறைத் திருநாள் கழிந்தால் கிறிஸ்துமஸ் கண்ணுக்குத் தெரிந்துவிடும், இல்லையா?

இந்த வருஷம் நம் வீட்டுக் குடிலைப் பார்க்கத் திருச்சியிலிருந்து தனி ரயில் விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மற்றவர்கள் வீட்டில் பழுப்புத் தாளைக் கசக்கி மலை என்பார்கள். நம் குடிலில் கல்லணையே எழும்புகிறது, மதகுகளோடு. அதிலிருந்து காவிரி ஓடும். படமல்ல, தண்ணீர். கரையோரம் பூதலூர் ஸ்டேஷன். மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தைப் பார்சலில் போட்டுவிட்டு ரயிலில் வந்து இறங்குவார்கள். இடையர்கள் வரப்பில் நடந்து வருவார்கள், இரண்டு பக்கமும் நிஜ நெல் பயிர்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டின் கடைக்குட்டிதான் பாலன் இயேசுவைத் தொழுவத்தில் கிடத்த வேண்டும். நீ கல்யாணமாகிப் போன பிறகு இங்கே இருப்பது உன் அம்மாவும் நானும். இருவரில் இளையவன் நான். ஆகவே மீசை நரைத்த கடைக்குட்டி ஒவ்வொரு வருஷமும் முழங்கால் சொடுக்குவிட மண்டியிட்டுப் பாலனை வைக்கிறது. உன் அம்மா ஜெபத்தை விட்டுவிட்டுச் சிரிக்கிறாள். ஐந்து வயதில் உன் மகள் ஒருத்தி இருக்கிறாளாமே, எங்கள் கண்ணில்தான் காட்டியதில்லை. அந்த அம்மையாருக்கு ஓய்வு இருந்தால் வந்து என்னை இந்த உத்தியோகத்திலிருந்து விடுவிக்கச் சொல்.

இப்படிக்கு,
குடில் திருப்பணி மன்னன்,
மாமா ராயப்பன்.


சிங்கப்பூர்
14.11.1997

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. வழக்கம்போலப் பத்தால் வகுத்துப் படித்தேன். தனி ரயில் என்றால் சைக்கிளில் டபுள்ஸ் வரும் இரண்டு பேர். கல்லணை என்றால் ஒரு செங்கல். காவிரி என்றால் நீலத் தாள். சின்ன வயதிலிருந்து பழகிய கணக்கு, எனக்குச் சிரமமே இல்லை.

ஆனால் ஒரு தவறு செய்துவிட்டேன். சத்தமாகப் படித்துவிட்டேன். மடியில் ஜெனிட்டா இருந்தாள். அவளுக்கு இன்னும் வகுத்தல் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாளே அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எங்க தாத்தா வீட்டுக்குள்ள ஆறு இருக்கு, ரயில் இருக்கு, நெல்லு இருக்கு என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை மிஸ் டான், போட்டோ எடுத்துக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜெனிட்டா தன் பொம்மையை வைத்து ஒத்திகை பார்க்கிறாள். நேற்று அது அரிசி டப்பாவில் பிறந்தது.

எட்வினுக்கு லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி கிளம்புகிறோம். அம்மாவிடம் சொல்லுங்கள், ஆனால் உட்காரவைத்துச் சொல்லுங்கள். கூடவே உங்கள் மாப்பிள்ளை சொன்னதையும் அப்படியே எழுதிவிடுகிறேன்:

"உங்க மாமா நம்ம கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை முதல் வகுப்புப் பெட்டியில அழைச்சிட்டுப் போறேன்னாரு. நாங்க ஏறினது நெல்லு மூட்டை ஏத்துற டிராக்டர் பெட்டியில. எங்க அண்ணி பட்டுப்புடவையில இன்னைக்கும் உமி உதிருது. நான் பெரியவன், சிரிச்சிட்டுப் போயிட்டேன். பிள்ளை ஏமாந்து அழுதுச்சுன்னா கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சாயந்தரமே நாகப்பட்டினம், எங்க வீட்டுக்குப் போயிடுவோம். அழலைன்னா மூணு ராஜாக்கள் திருநாள், ஜனவரி ஆறு வரைக்கும் பூதலூர்லயே இருக்கலாம். முடிவு உங்க மாமா கையில."

மாமா, இன்னும் நேரம் இருக்கிறது. 'சும்மா சொன்னேன் கண்ணு' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் பக்குவமாக அவளிடம் படித்துக் காட்டிவிடுகிறேன். அம்மா அவளை இரண்டு நாள் பார்த்தால் போதாது.

அன்புடன்,
பிலோமி.


பூதலூர்
25.11.1997

பிலோமி கண்ணு,

'சும்மா சொன்னேன்' என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். சத்தியமாக. பூண்டி மாதா மேல் ஆணை. ஆனால் நீங்கள் வரும் செய்தியை முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். உட்காரவைத்துத்தான் சொன்னேன். அவள் எழுந்து போய், பரணில் இருந்த உன் பழைய பித்தளைத் தம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தத் தம்ளர் பளபளத்த பளபளப்பில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கலசம் வெட்கப்பட்டு மேகத்துக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் எப்படி எழுதுவது?

ஆகவே திருப்பணி துவங்கிவிட்டது.

அப்துல் ஹமீது பாயை உனக்கு நினைவிருக்கும், கடைத்தெருவில் மிக்சி ரிப்பேர் பார்ப்பவர். நேரே அவரிடம் போனேன்.

"பாய், காவிரி ஓடணும்."

"மேட்டூர்ல போய்க் கேளுங்க. நான் மிக்சிக்காரன்."

"வீட்டுக்குள்ள ஓடணும்."

பாய் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "வீட்டுல அக்கா நல்லாயிருக்காங்களா? நீங்க நல்லாத் தூங்குறீங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் மாறிவிட்டார். மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒன்று கொடுத்தார். தம்பி சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பொம்மை ரயிலும் தண்டவாளமும் இரவலாகத் தந்தார். "பிள்ளை கிட்ட சொன்ன சொல்லு. காப்பாத்திடுங்க" என்றார்.

குடில் எங்கே என்றால், நம் முன்கட்டுக் கூடம் முழுவதும்தான். கூடத்துக்குள் குடில் என்பது போய்க் குடிலுக்குள் கூடம் என்றாகிவிட்டது. நாற்காலிகள் மாட்டுக் கொட்டகையில். டிவி அடுப்படியில். கேபிளில் எந்தக் கதாநாயகி அழுதாலும் இப்போது ரசத்தின் ஆவியில்தான் அழுகிறாள்.

குடிலில் பச்சை வேண்டுமென்று எல்லோரும் கடைசி வாரத்தில் தட்டில் கேழ்வரகு தூவுவார்கள். பட்டணத்து வேலை! நான் தார்ப்பாய் விரித்து, வயல்மண் கொட்டி, வரப்புக் கட்டி, ஆடுதுறை விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டி இன்றே விதைத்துவிட்டேன். தொழுவுரம் போட்டேன். ஒரு சிட்டிகை யூரியாவும் போட்டேன். வெயிலுக்காகக் கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தேன்.

உன் அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "வாயால கட்டுன அணைக்கு இப்பத்தான்டா மண்ணு சுமக்குறே" என்றாள். சொல்லிவிட்டு அவளே ஒரு கூடை சுமந்தாள்.

மாமா.


சிங்கப்பூர்
5.12.1997

அன்புள்ள மாமா,

கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு படித்தேன். ஆனாலும் என்ன பயன்? எட்வின் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். "வீட்டுக்குள்ள நடவா? இதுக்கு அந்த முதல் வகுப்புப் பெட்டியே தேவலாம்" என்றார். பிறகு கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்துவிட்டு, "யூரியா எவ்வளவு போட்டாராம்?" என்று கேட்டார். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதானே.

அம்மாவிடம் போனில் பேசினேன். நீங்கள் எழுதியதெல்லாம் நிஜமா என்று கேட்டேன். "வந்து பாருடி" என்று ஆரம்பித்தவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எஸ்டிடி பூத்துக்காரர் வந்து ரிசீவரை வாங்கி, "அக்காவுக்கு மூச்சு வாங்குது, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். இது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று எனக்குத் தெரியவில்லை.

எட்வினுடன் வேலை பார்க்கும் ஒருவர் தஞ்சாவூருக்கு வருகிறார். அவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் சீரியல் பல்பு, வெள்ளிச் சரிகை, மடக்கி விரிக்கிற பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் இருக்கிறது. நீங்கள் கட்டியது ஏதாவது சரிந்துவிட்டால், மரத்தை முன்னால் நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுங்கள். குழந்தை விளக்கைப் பார்ப்பாள். இதை உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை மாமா. ஒரு தாயின் முன்னெச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றே கேள்வி. தண்ணீர் ஓடுகிறதா? ரயில் ஓடுகிறதா? நெல் முளைத்ததா? அடைமொழி இல்லாமல், கோபுரம் கலசம் இல்லாமல் பதில் எழுதுங்கள். என் வாழ்நாளில் ஒரு தடவையாவது உங்கள் கடிதத்தை வகுக்காமல் படிக்க ஆசை.

ஜெனிட்டாவிடம் நம் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். "அப்ப இத்தனை நாளா யாரு வெச்சாங்க?" என்றாள். ராயப்பன் தாத்தாதான் வீட்டுக் கடைக்குட்டி என்றேன். "என்னைவிடக் குட்டியா?" என்று கேட்டுவிட்டு, தன் பழைய கவுன் ஒன்றை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
பிலோமி.


பூதலூர்
13.12.1997

பிலோமி,

அடைமொழி இல்லாமல் எழுதுகிறேன். கை கூசுகிறது.

ரயில் ஓடுகிறது. வட்டமாக ஓடுகிறது. நிறுத்தத் தெரியவில்லை. ராஜாக்கள் ஓடுகிற ரயிலிலிருந்துதான் குதிக்க வேண்டும்.

தண்ணீர் ஓடுகிறது, ஆனால் மோட்டார் ஓடவில்லை. மூன்றாம் நாளே கரண்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது. நான் பதித்த கண்ணாடி ஓட்டின் ஓரமாக மழைநீர் சொட்டுகிறது. அந்தச் சொட்டு நேரே கல்லணைக்குள் விழுந்து, மதகு வழியாகக் காவிரியில் இறங்கி, தார்ப்பாய் ஓரமாக வாசலுக்குப் போகிறது. நான் திட்டமிட்டுக் கட்டியிருந்தால் இவ்வளவு சரியாக அமைந்திருக்காது. மழை நின்றால் ஆறு வற்றிவிடும். இந்தத் தடவை மழை ஓயும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நெல். அதை எப்படிச் சொல்வேன்? முளைத்தது. அதோடு நிற்கவில்லை. சூசையப்பர் சொரூபம் ஒரு சாண் உயரம் என்று உனக்குத் தெரியும். இப்போது அவருடைய கைத்தடி நுனி மட்டும்தான் தெரிகிறது. ஆடுகள் போன இடம் தெரியவில்லை. இடையன் ஒருவன் இருந்தான், அவனும் இல்லை. நீங்கள் வருகிற அன்றைக்குத் தொழுவத்தின் கூரையும் மறைந்துவிடும். குடிலைப் பார்க்க வருகிறவர்கள் வயலைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அக்கா அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு விரக்கடை உசரத்துக்குக் கத்தரிச்சு விடுடா, எல்லாம் தெரியும்" என்றாள். உட்கார்ந்தேன். கையில் பிடித்தேன். பிலோமி, என்னால் முடியவில்லை. வேரூன்றி, தூர் பெருத்து, கரும்பச்சையில் நிற்கிற பயிர். நம் தாத்தா காலத்தில் இன்னொருவர் நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள் நாம். சொந்தமாக நாலு மா நிலம் வாங்கி நான் விதைத்த முதல் வருஷத்தில்கூட நாற்று இப்படி வந்ததில்லை. கதிர் வராத பயிரில் இரும்பு வைக்கிற பழக்கம் இந்தக் கைக்கு இல்லை. அக்காவும் பார்த்தாள், அரிவாள்மனையைக் கொண்டுபோய் வெங்காயம் நறுக்கினாள்.

உன் பெட்டி வந்தது. பிளாஸ்டிக் மரத்தை வரப்பில் நிறுத்தினேன். காக்காய் பயப்படுகிறது. மற்றபடி நிழலுக்குக்கூட உதவாது.

குழந்தை அழத்தான் போகிறாள் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை சொன்னது நியாயம், நான் மறிக்கமாட்டேன். ஆனாலும் வாருங்கள். ஏமாந்தாலும் நம் வீட்டில் வந்து ஏமாறட்டும். கவுனையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்.

மாமா.


சிங்கப்பூர்
12.1.1998

அன்புள்ள மாமா,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். பெட்டியைத் திறந்ததும் வீடெல்லாம் வயல்மண் வாசனை. எட்வினின் கால்சட்டை முட்டியில் ஒட்டியிருந்த சேறு இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து அவர் அண்ணி போனில், "இங்க ஒரு நாள்தானே எட்டிப் பார்த்தீங்க, மூணு ராஜாக்கள் வரைக்கும் பூதலூர்ல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டார். "பயிர் நின்னுச்சு அண்ணி, விட்டுட்டு வர மனசில்லை" என்கிறார் இவர். என் காதாலேயே கேட்டேன்.

இப்போது உங்களால் எனக்கு வந்த தலைவலியைக் கேளுங்கள்.

திரும்பிப் பள்ளிக்கூடம் போன முதல் நாளே மிஸ் டான் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். ஜெனிட்டா நல்ல பிள்ளை, ஆனால் கற்பனை கொஞ்சம் கட்டுக்கு மீறிப் போகிறது, வீட்டில் கவனிக்கவும் என்று. என்ன சொன்னாள் என்று விசாரித்தேன். இதையெல்லாம்தான் சொல்லியிருக்கிறாள். தாத்தா வீட்டில் வரவேற்பறையில் நெல் விளைகிறது. வீட்டுக்குள் மழை பெய்து ஆறு ஓடுகிறது. ரயில் நிற்கவே நிற்காது, அதனால் பாட்டி அதில் சீடையை வைத்து அனுப்ப, வட்டத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து எடுத்துத் தின்ன வேண்டும். கிறிஸ்துமஸ் காலையில் குழந்தை இயேசு வயலுக்குள் தொலைந்துபோனார். எல்லோரும் மண்டியிட்டுத் தேடினார்கள். அப்பா பயிருக்குள் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தார்.

மாமா, இதில் நான் எதை வகுப்பேன்?

நள்ளிரவுப் பூசையிலிருந்து தூங்கி வழிந்துகொண்டு வந்தவள், "தொழுவத்துல வெச்சா மழை சொட்டும்" என்று பாலனைப் பயிரின் நடுவில் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டாள். விடிந்ததும் அவளுக்கே இடம் மறந்துவிட்டது. உதடு பிதுங்கியதே, நினைவிருக்கிறதா? அழுதுவிடுவாள், தொலைந்தது, இனி நாகப்பட்டினம்தான் என்று நான் எட்வினைப் பார்த்தேன். அவர் அதற்குள் பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். பின்னாலேயே நீங்கள். "அத்துப்போகாம ஒதுக்குங்க மாப்பிள்ளை, பயிரு!" என்று நீங்களும், "தெரியும் மாமா, நானும் நட்டவன்தான்!" என்று அவரும் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பாலனோடு அவர் தலையைத் தூக்கியபோது காதில் ஒரு பிளாஸ்டிக் ஆடு தொங்கியது. ஜெனிட்டா சிரித்த சிரிப்பு அப்படியே அம்மாவுடைய சிரிப்பு. அன்று சாயந்தரம் நாகப்பட்டினப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சரி, மிஸ் டானுக்கு போட்டோவைக் காட்டிவிடலாம் என்று ஃபிலிம் ரோலைக் கழுவிப் பார்த்தோம். எல்லாப் படத்திலும் பச்சைதான். ஒரு மூலையில் எட்வினின் முதுகு. இதை வைத்து எதை நிரூபிப்பது?

கடைசியில் நானே உட்கார்ந்து எழுதினேன். 'மதிப்புக்குரிய ஆசிரியைக்கு, என் மகள் சொன்னது அத்தனையும் உண்மை' என்று. எட்வின் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நெல்லு இன்னும் உசரம்னு சேர்த்து எழுது" என்றார்.

குறிப்பைப் படித்துவிட்டு மிஸ் டான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் உங்கள் கடிதங்களைப் படிக்கிற பார்வை அது.

அன்புடன்,
பிலோமி.

பி.கு: கவுன் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.


பூதலூர்
24.1.1998

சேசு மரி சூசை துணை. ஹமீது பாயும் துணை, ரயிலை நிறுத்த அவர்தான் வந்தார்.

சிங்கப்பூரில் உண்மையே பேசித் துன்பப்படும் ஜெனிட்டா அம்மையாருக்கு, பூதலூர் ராயப்பன் தாத்தா எழுதுவது. உன் அம்மாவைச் சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்.

நீ போன மறுநாள் நம் குடில் வயலைப் பிரித்தோம். நாற்றைப் பிடுங்கி முடியாகக் கட்டினேன். நாலு முடி இருந்தது. உன் அப்பாவிடம் சொல், நாற்பது என்று சொல்ல நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டேன். போர்செட் பக்கம் சேறடித்து, உன் பாட்டியும் நானும் நட்டோம். பக்கத்து வயல் முருகையன் வரப்பில் நின்று, "முத்தல் நாத்தா இருக்கே, எந்த நாத்தங்கால்ல பறிச்சீங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டுக் கூடத்துல" என்றேன். அவர் பாட்டியிடம் திரும்பி, "இவரு என்னைக்குத்தான் உண்மை பேசுவாரு?" என்றார். பாட்டி வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஆகவே நீ மட்டும் கஷ்டப்படவில்லை கண்ணு. உண்மை பேசுகிறவர்களுக்கு உலகம் முழுக்க இதே கதிதான்.

நாற்று வேர் பிடித்துவிட்டது. முற்றிய நாற்றுதான், இருந்தாலும் தலை நிமிர்ந்து நிற்கிறது. சித்திரையில் அறுத்தால் ஒரு மரக்கால் தேறும். இந்த ஒரு மரக்காலை ஏற்றிக்கொண்டு கப்பல் வருவதற்குள் சிங்கப்பூர்த் துறைமுகத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தி வைக்கச் சொல். இல்லாவிட்டால் தரை தட்டும். அதைப் பொங்கி மிஸ் டானுக்கு ஒரு வாய் கொடு. அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கண்ணாடி ஓடுகளை எடுத்துவிடட்டுமா என்று பாட்டியிடம் கேட்டேன். "இருக்கட்டும்டா" என்றாள். டிவியும் இன்னும் அடுப்படியில்தான்.

இனி கடைசி விஷயம். சொரூபங்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாயிற்று. ஆடுகளில் ஒன்று குறைகிறது, அறுவடையில் கிடைக்கும். பாலனை உன் கவுனில் சுற்றி மேலே வைத்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காமலில்லை, கை நுழையவில்லை. வீட்டுக் கடைக்குட்டி என்ற உத்தியோகத்திலிருந்து நான் விலகிவிட்டேன். உன் பாட்டி முன்னிலையில், முழங்கால்கள் இரண்டும் சாட்சியாக. இனி அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

வருகிற கிறிஸ்துமஸுக்கு நீ வந்து எடுக்கும்வரை அவர் கவுனுக்குள்ளேயே தூங்குவார். இதை உன் அம்மா எதாலும் வகுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் கடைக்குட்டி,
ராயப்பன் தாத்தா.